குளிசை விழுங்குவதும் பழக்கித் தர வேண்டிய பாடமே



லக்கல போன்ற மலையோர ஊர்களிலிருந்து பஸ் ஏறி, மாத்தளைக்கோ கண்டிக்கோ சென்று, கிளினிக்கில் காத்திருந்து வாங்கி வந்த குளிசையைப் பிள்ளை நாக்கில் வைத்ததும் துப்பிவிட்டால் உம்மாவின் மனம் என்ன பாடுபடும்! அதட்டலிலும் அழுகையிலும் பாடசாலை நேரம் கடந்துவிடும். நாலு நாள் இப்படிப் போனால் மருந்தே நின்றுவிடும்.

ஓரிடத்தில் இருக்க முடியாமை, சொன்னதை மறத்தல், தொடங்கியதை முடிக்காமை முதலியவற்றை ஆராய்ந்து வைத்தியர் 'ஏ.டி.எச்.டி.' என்று சொன்னால், அது பிள்ளையின் பிடிவாதமுமல்ல. உங்கள் வளர்ப்பின் குறையுமல்ல. அதற்குப் பரவலாகக் கொடுக்கப்படும் மெதில்பெனிடேட் 1944இல் சுவிட்சர்லாந்தில் உருவாக்கப்பட்டது. அதன் சாதாரணக் குளிசை ஏறத்தாழ 4 மணித்தியாலமே வேலை செய்யும். ஆகவே ஒரு வேளை தவறினாலும் வகுப்பறையில் தெரிந்துவிடும்.

மத்ரஸாவில் அலிஃப், பா என்று தனித்தனி எழுத்துக்களைப் பழக்கிய பின்னரே கூட்டெழுத்துக்கு வருகிறோம். விழுங்குவதும் அப்படித்தான். பாடசாலைக்கு ஓடும் காலை வேளையில் வேண்டாம்; ஓய்வான மாலையில் ஆரம்பியுங்கள். கேக்கின் மேல் தூவும் சின்னஞ்சிறு சீனி மணி ஒன்றை நாக்கின் நடுவில் வைத்து, ஒரு மிடறு தண்ணீரோடு விழுங்கச் செய்யுங்கள். சில நாட்கள் சிரமமின்றி விழுங்கினால் சற்றுப் பெரிய மிட்டாய், பிறகு குளிசையளவு. முடியாவிட்டால் முந்திய அளவுக்குத் திரும்பி, வெற்றியோடு அன்றைய பாடத்தை முடியுங்கள். பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். மூக்கைப் பிடித்து ஊற்றுவது மூச்சுக்குழாயில் இறங்கும் ஆபத்தைத் தரும்.

தலையைப் பின்னால் சாய்ப்பது எல்லாவற்றுக்கும் உதவாது. கெப்சூல் தண்ணீரில் மிதக்கும். தலையைச் சற்று முன்னே குனிந்தால் தொண்டைப் பக்கம் வரும். 2014இல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் ஆய்வாளர்கள் பெரியவர்களிடம் இதைச் சோதித்துப் பலன் கண்டார்கள்.

"பொடித்துக் கித்துள் பாணியில் குழைத்துவிட்டால் என்ன?" என்று கேட்பீர்கள். கேளாமல் செய்யாதீர்கள். நாள் முழுவதும் மெதுவாக வேலை செய்யும் குளிசையை நொறுக்கினால், மொத்த மருந்தும் ஒரேயடியாக உடம்பில் இறங்கிவிடும். சில கெப்சூல்களை மட்டும் திறந்து, உள்ளிருக்கும் மணிகளை மெல்லாமல் ஒரு கரண்டி மென்மையான உணவோடு விழுங்கலாம். உங்கள் மருந்து எந்த வகை என்பதை வைத்தியரிடமோ மருந்தாளரிடமோ கேளுங்கள். துப்பிவிட்டால் நீங்களாகவே இன்னொன்று கொடுக்காதீர்கள். இம்மருந்து பசியைக் குறைக்கக்கூடும் என்பதால் காலை உணவு முக்கியம். சோறு விழுங்கவும் சிரமப்பட்டால் அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

இன்னொன்று: "இது டொஃபி" என்று ஏமாற்றாதீர்கள். 'வா, ஒன்று தருகிறேன்' என்று மகனை அழைத்த தாயிடம், என்ன கொடுக்கப் போகிறீர் என்று நபி (ஸல்) அவர்கள் விசாரித்தார்கள். ஈத்தம்பழம் என்றார் அவர். ஒன்றும் கொடுக்காதிருந்தால் அது பொய்யாக எழுதப்பட்டிருக்கும் என எச்சரித்தார்கள். மருந்தை டொஃபி என்று நம்பும் பிள்ளை, ஆள் இல்லாத நேரம் போத்தலையே காலி செய்துவிடலாம். ஆகவே, "மகன், இது உங்கள் மனம் பாடத்தில் நிற்க உதவும் மருந்து" என்று உண்மையைச் சொல்லுங்கள். போத்தலைப் பூட்டி வையுங்கள்.

விழுங்கிய அன்று மனமாரப் பாராட்டுங்கள். பொறுமையோடு பழக்கினால், இன்ஷா அல்லாஹ், காலைப் போராட்டம் ஓயும். பிள்ளையும் தன் மருந்தைத் தானே கேட்டு வாங்கும்.