வண்ண மீன் தொட்டி: அலங்காரத்தை எதில் ஒட்டுவது?

சென்னை கொளத்தூரைப் போல வண்ண மீன் தொழில் நடக்கும் இடங்களில், கண்ணாடித் தொட்டியைத் தாங்களே ஒட்டிக்கொள்ளும் வளர்ப்பாளர்கள் பலர். மீன் ஒளிந்துகொள்ளக் கற்குகை, ஏஞ்சல் மீன் முட்டையிடச் சாய்த்து வைக்கும் ஓடு, விற்பனைத் தொட்டிக்குக் கொட்டாங்குச்சி வீடு என அலங்காரப் பொருள்களையும் வீட்டிலேயே செய்கிறார்கள். செலவு மிச்சம்தான். ஆனால், கல்லையும் ஓட்டையும் பார்த்துத் தேர்ந்தெடுப்பவர்கள், பசையை மட்டும் கையில் கிடைத்ததை எடுத்துக்கொள்கிறார்கள்.

குளத்தில் ஒரு துளி பசை கலந்தால் ஒன்றும் ஆகாது. 50 லிட்டர் தொட்டியில் அப்படியில்லை. பசையிலிருந்து கசியும் கரைப்பானும் பூசணக்கொல்லியும் செவுளைத் தாக்கும். மீன்கள் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். இதை நோய் என்று நினைத்து மருந்து ஊற்றினால் நிலைமை இன்னும் மோசமாகும். மாதக்கணக்கில் தீனி போட்டுச் சேர்த்த தாய்மீன் ஜோடி இருக்கும் தொட்டி என்றால், இழப்பு பசையின் விலையைப் போலப் பல மடங்கு.

தொட்டிக்கு ஏற்றது, கலப்பில்லாத 100% சிலிகான். ஹார்டுவேர் கடையில் எல்லா டியூபும் ஒரே மாதிரிதான் தெரியும். லேபிளைப் படிக்க வேண்டும். ‘சானிட்டரி’, ‘ஆன்டி ஃபங்கல்’, ‘கிச்சன் அண்ட் பாத்’ என்று அச்சிட்டிருந்தால் வாங்க வேண்டாம். குளியலறை மூலையில் கறுப்புப் பூசணம் படராமல் இருக்க இந்த வகைகளில் பூசணக்கொல்லி சேர்த்திருப்பார்கள்.

பிதுக்கும்போது வினிகர் வாடை அடித்தால் பயப்பட வேண்டாம். அசிட்டிக் அமிலத்தை வெளியேற்றி இறுகும் வகை அது. காய்ந்ததும் வாடை போய்விடும். அதே நேரம், வினிகர் வாடை வந்தாலே நல்ல பசை என்ற கணக்கும் தவறு. பூசணக்கொல்லி கலந்த சிலிகானிலும் அதே வாடை வரும். வாடை இல்லாத ‘நியூட்ரல்’ ரகத்தை, மீன்தொட்டிக்கு உகந்தது என்று டியூபிலேயே போட்டிருந்தால் மட்டும் வாங்கலாம்.

காலாவதி தேதியும் முக்கியம். பழைய சிலிகான் இறுகாமல் பிசுபிசுப்பாகவே நிற்கும்.

ஒட்டும் பரப்பில் ஈரம், எண்ணெய்ப் பிசுக்கு இருக்கக் கூடாது. பழைய சிலிகான் மேல் புதியது பிடிக்காது. பிளேடால் சுத்தமாகச் சுரண்டிவிட வேண்டும். சிமென்ட், சுண்ணாம்புக் கல்லில் வினிகர் வாடை சிலிகான் சரியாகப் பிடிக்காது. அமிலம் சுண்ணாம்போடு வினைபுரிவதே காரணம்.

பெரும்பாலோர் அவசரப்படுவது காய வைப்பதில்தான். அரை மணி நேரத்தில் மேலே தோல் கட்டிவிடும். உள்ளே ஒரு நாளைக்கு 2 முதல் 3 மில்லி மீட்டர்தான் இறுகும். தடிமனாக அப்பியிருந்தால் ஒரு வாரம் காற்றோட்டமாக வைக்க வேண்டும். மூக்கருகே பிடித்தால் வாடை துளியும் இருக்கக் கூடாது.

ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ் போன்ற செடிகளைக் கல்லில் பொருத்த, உடனே பிடிக்கும் சயனோஅக்ரிலேட் பசை ஒரு துளி போதும். ஜெல் வகை வழியாது. தண்ணீர் பட்டதும் வெள்ளையாக இறுகிவிடும். இறுகியபின் மீனுக்குத் தொல்லை இல்லை. கனமான கற்களை இதை நம்பி அடுக்காதீர்கள், உடைந்துவிடும்.

இரண்டு பாகம் கலக்கும் எபாக்சியை, சொன்ன அளவில் நன்றாகக் கலந்து முழுமையாக இறுக விட வேண்டும். குறைவாகக் கலந்தால் இறுகாத பகுதி தண்ணீரில் கசியும். செருப்பு, பிளைவுட் ஒட்டும் ரப்பர் பசையில் கரைப்பான் உண்டு. தொட்டிப் பக்கமே வேண்டாம். தச்சர்களின் வெள்ளைப் பசை தண்ணீரில் ஊறி விட்டுவிடும்.

செய்த பொருளை மூன்று நாள் தண்ணீரில் ஊறப்போட்டு, தினமும் தண்ணீரை மாற்றவும். பிறகு, காற்றுக் குழாய் போட்ட வாளியில் அதை வைத்து இரண்டு மூன்று கப்பி மீன்களை இரண்டு நாள் விட்டுப் பார்க்கலாம். அவை தீனி எடுத்து, துறுதுறுவென நீந்தினால் தாய்மீன் தொட்டிக்குக் கொண்டுபோகலாம்.

ஏற்கெனவே வைத்துவிட்டு மீன் தவிக்கிறது என்றால், முதலில் அந்தப் பொருளை வெளியே எடுக்கவும். பாதித் தண்ணீரை வடித்து, குளோரின் நீங்கிய, அதே சூட்டிலுள்ள தண்ணீரை ஊற்றவும். காற்றைக் கூட்டி வைக்கவும். வடிகட்டியில் ஆக்டிவேட்டட் கார்பன் போட்டால் எஞ்சிய கரைப்பானை ஓரளவு இழுத்துக்கொள்ளும். சில நாள் கழித்து அந்தக் கார்பனை எடுத்துவிட வேண்டும்.