இத்தாலி உப்புக்கண்டம்!

ஆபீஸ் ட்ரெயினிங்குக்காக மிலான் போன முதல் ராத்திரியே அசடு வழிந்தேன். ஓட்டலில் ரொம்ப ஸ்டைலாக, "பெப்பரோனி பீட்ஸா" என்றேன். வந்ததோ குடைமிளகாய் பீட்ஸா! இத்தாலிய மொழியில் 'பெப்பரோனி' என்றால் குடைமிளகாயாம். நாம் அந்தப் பெயரில் சாப்பிடும் கார ஸாஸேஜ், அமெரிக்காவில் பிறந்த பிள்ளை!

என் முகம் போன போக்கைப் பார்த்து, இத்தாலி நண்பர் மறுநாள் ஒரு ஸலாமிக் கடைக்குக் கூட்டிப் போனார். கூரையிலிருந்து வரிசையாகத் தொங்கின ஸலாமிகள், மேலே விபூதி பூசின மாதிரி வெள்ளையாக.

"ஐயையோ, பூஞ்சணம் ஸார்!"

"அது நல்ல பூஞ்சணம். கெட்டதை அண்ட விடாது."

செய்முறையைக் கேட்டால், நம்ம உப்புக்கண்டத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி! பன்றிக்கறியையும் கொழுப்பையும் கொத்தி, உப்பு, மிளகு, பூண்டு, கொஞ்சம் ஒயின் சேர்த்துக் குடலில் அடைக்கிறார்கள். இட்லி மாவு மாதிரியே பாக்டீரியா லேசாகப் புளிக்க வைக்கும். பிறகு வாரக்கணக்கில், மாதக்கணக்கில் தொங்கவிட்டால் மூன்றில் ஒரு பங்கு எடை நீராகப் போய்விடும். அடுப்பே கிடையாது. 'ஸலாமி' என்ற பெயரே, உப்பைக் குறிக்கும் 'ஸாலே'யிலிருந்து வந்ததுதான்.

கால் கிலோ வாங்கினேன். ரூமில் டி.வி. பார்த்துக்கொண்டே பாதியைக் காலி பண்ணினேன். ராத்திரி முழுக்கத் தாகம். தலை வேறு கிண்ணென்றது. எனக்கு பி.பி. உண்டு, அப்பாவைப் படுக்கையில் தள்ளிய அதே பி.பி.!

காலையில் கணக்குப் பார்த்தேன். 100 கிராம் ஸலாமியில் சுமார் 400 கலோரி. 20 கிராமுக்கு மேல் புரோட்டீன். ஆனால் கொழுப்பு 30 கிராமுக்கு மேல், உப்பு சுமார் 4 கிராம். உலக சுகாதார நிறுவனமோ ஒரு நாள் முழுக்கவே 5 கிராமுக்குள் உப்பு போதும் என்கிறது. பதப்படுத்திய இறைச்சி புற்றுநோய் வரவழைக்கும் என்று அதன் ஆய்வு மையம் 2015-ல் அறிவித்தது. தினம் 50 கிராம் தின்றால் குடல் புற்றுநோய் அபாயம் 18 சதவிகிதம் கூடுமாம்!

நண்பரிடம் புலம்பினேன். சிரித்தார். "காகிதம் மாதிரி சீவி, ரொட்டியோட நாலே துண்டு. அதுவும் தினம் இல்லே. எங்க தெற்கே கலாப்ரியாவுல 'ந்தூயா'ன்னு மிளகாய் போட்ட ஒரு வகை, வெண்ணெய் மாதிரி குழையும். ஒரு ஸ்பூன் எடுத்து தக்காளி ஸாஸ்ல கரைச்சா, வீட்டுக்கே பாஸ்தா ரெடி!"

சட்டென்று புரிந்தது. அவர்களுக்கு ஸலாமி என்பது ஊறுகாய். நான் ஊறுகாயையே சோறாகப் பிசைந்து அடித்திருக்கிறேன்!

மீதியை நண்பர் கையிலேயே கொடுத்துவிட்டேன். நாலே நாலு துண்டு எடுத்து வைத்துக்கொண்டுதான்!