கருவுற்ற தாயும் கண்ணுக்குத் தெரியாத நோயும்

கடனையும் நோயையும் மிச்சம் வைக்கலாகாது என்பது நம் நாட்டு முதுமொழி. கடனைப் பற்றி நம் சங்கக் கூட்டங்களில் வேண்டுமளவு பேசியிருக்கிறோம். நோயைப் பற்றி, அதிலும் கருவுற்ற தாய்மாரைப் பற்றும் நோய்களைப் பற்றிப் பேசியது குறைவேயாம். நெசவாளர் இல்லங்களில் தார் சுற்றுவோரும், உழவர் இல்லங்களில் நாற்று நட்டுக் களை எடுப்போரும் பெரும்பாலும் பெண்களே. ஒரு தாய் நோயுற்றால் தறி நிற்கும், வயல்வேலையும் தடைப்படும். அதனினும் பெரிதாக, இரண்டு உயிர்கள் ஆபத்துக்குள்ளாகும்.

ஆய்வாளன் என்ற முறையில் ஊர் ஊராகச் செல்லும்போது பெரியவர்கள் வாயிலாக இரண்டு கூற்றுக்களை அடிக்கடி கேட்கிறேன். “அவளுக்கு ஒரு வலியும் இல்லை, நன்றாகத்தான் இருக்கிறாள்” என்பது ஒன்று. “வயிற்றில் பிள்ளை இருக்கும்போது மாத்திரை கூடாது” என்பது மற்றொன்று. இரண்டும் அன்பினால் எழுந்தவையே. ஆயினும் இரண்டும் தீங்கு விளைவிக்கக் கூடியவை.

முதற் கூற்றை எடுத்துக்கொள்வோம். கருவுற்ற காலத்தில் பெரிதும் அஞ்சத்தக்க மூன்று நோய்கள் தொடக்கத்தில் வலியே தருவதில்லை. அவற்றை அளந்துதான் அறிய முடியும்.

ஒன்று இரத்தசோகை. கருவுற்ற தாயின் இரத்தத்தில் 100 மில்லி லிட்டருக்கு 11 கிராமுக்குக் குறைவாக ஹீமோகுளோபின் இருப்பின் அது இரத்தசோகையாகும். 7 கிராமுக்கும் குறைந்தால் நிலைமை கடுமை. மருத்துவமனைச் சிகிச்சை வேண்டும். 2019 முதல் 2021 வரை நடைபெற்ற தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் கருவுற்ற பெண்களில் 100க்கு 52 பேர் இரத்தசோகை உடையவர்கள். பிள்ளைப்பேற்றின்போது பிறர் தாங்கக்கூடிய இரத்தப்போக்கும் இத்தகைய தாயின் உயிரைப் பறிக்கவல்லது. இதற்கான இரும்புச்சத்து மாத்திரை அரசு நிலையங்களில் இலவசமாகவே கிடைக்கிறது. நான்காம் மாதம் முதல் நாளொன்றுக்கு ஒன்றாக 180 நாட்களும், பேற்றுக்குப் பின் மேலும் 180 நாட்களும் உட்கொள்ளல் வேண்டும். காப்பி, தேநீருடன் உட்கொண்டால் இரும்புச்சத்து உடலில் சேராது. மலம் கறுத்துப் போவது இயல்பு. அதற்கஞ்சி நிறுத்த வேண்டியதில்லை. முருங்கைக்கீரையும் கேழ்வரகும் பருப்பும் உணவில் சேர்வது நன்று. ஆனால் அவை மாத்திரைக்கு ஈடாகமாட்டா.

இரண்டாவது இரத்த அழுத்தம். 140க்கு 90 என்ற அளவை எட்டினால் எச்சரிக்கை வேண்டும். ஐந்தாம் மாதத்திற்குப் பின் அழுத்தம் உயர்ந்து, சிறுநீரில் புரதமும் காணப்பட்டால் வலிப்பு வரக்கூடும். பேறு நெருங்கும் மாதங்களில் கால் சற்றே வீங்குவது பலருக்கும் உள்ளதுதான். ஆனால் முகமும் கையும் வீங்குதல், ஓயாத தலைவலி, கண் மங்கல், மேல் வயிற்றில் வலி ஆகியவற்றில் ஒன்று தோன்றினும் மறுநாள்வரை காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். பல நாடுகளில் ஏறத்தாழ 10,000 தாய்மாரிடம் நடத்தப்பெற்று 2002ல் வெளியான ஓர் ஆய்வில், மெக்னீசியம் சல்பேட் என்னும் எளிய மருந்து வலிப்பு வரும் வாய்ப்பைப் பாதிக்குமேல் குறைத்தமை தெரிந்தது. மருந்து இருக்கிறது, தாய் உரிய நேரத்தில் அங்கே போய்ச் சேர வேண்டும், அவ்வளவே.

மூன்றாவது சர்க்கரை நோய். முன்பு இல்லாதவர்க்கும் கருவுற்றபின் இது வருவதுண்டு. சென்னை மருத்துவர் வீ. சேஷய்யா முன்னின்று பரப்பிய சோதனை முறை நம் போன்ற உழைப்பாளர்க்கு மிகவும் ஏற்றது. வெறும் வயிற்றோடு வர வேண்டுவதில்லை. 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துப் பருகி, 2 மணி நேரம் கழித்து இரத்தம் கொடுத்தால் போதும். சர்க்கரை 140 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால் சிகிச்சை தேவை. முதல் வருகையிலும், பின்னர் 24 முதல் 28 வாரங்களுக்குள்ளும் இச்சோதனை செய்யப்பெறும். பெரும்பாலோர்க்கு உணவுக் கட்டுப்பாடும் நடைப்பயிற்சியுமே போதும். இன்சுலின் தேவைப்பட்டாலும் அஞ்ச வேண்டா. அது பிள்ளைக்குத் தீங்கு செய்வதில்லை. கட்டுப்படாத சர்க்கரையே பிள்ளையை அளவுமீறிப் பருக்கச் செய்து பேற்றைக் கடினமாக்கும்.

நிற்க. மாத்திரை கூடாது என்ற இரண்டாவது கூற்றுக்கு வருவோம். முன்பே நோயுள்ளவர்கள் கருவுற்றதும் மருந்தைத் தாமாகவே நிறுத்துவது பெருந்தவறு. தைராய்டு மாத்திரையைத் தொடர்ந்தே ஆக வேண்டும். பலருக்கு அதன் அளவைக் கூட்டவும் நேரும். அதற்கும் இரும்புச்சத்து மாத்திரைக்கும் இடையே 4 மணி நேரம் இருத்தல் நலம். இரத்த அழுத்த மாத்திரைகளிலும் வலிப்பு மருந்துகளிலும் சில கருவுக்கு ஆகாதவை என்பது மெய்யே. ஆயினும் வலிப்பு மருந்தைத் திடீரென விட்டால், வரும் வலிப்பே தாய்க்கும் சேய்க்கும் பெருந்தீங்காகும். ஆகாத மருந்தை மாற்றித் தருவது மருத்துவர் பொறுப்பு. உண்டுவரும் மருந்துகள் யாவற்றையும் அவரிடம் காட்டுவது நம் பொறுப்பு. பிள்ளைப்பேற்றை எண்ணும்போதே காட்டிவிடுவது இன்னும் சிறப்பு.

இனி, சங்கங்கள் செய்யத்தக்கவை சில உள. 2016 முதல் மாதந்தோறும் 9ஆம் நாள் அரசு மருத்துவ நிலையங்களில் கருவுற்ற தாய்மார்க்கு மருத்துவர்கள் இலவசப் பரிசோதனை செய்கின்றனர். அந்நாளில் கூலிப் பட்டுவாடாவையும் சேலை ஒப்படைப்பையும் வைத்துக்கொள்ளாதிருக்க நிர்வாகக் குழுவினர் தீர்மானிக்கலாம். கூலிக்கும் சோதனைக்கும் இடையே ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை வந்தால், ஏழைக் குடும்பம் கூலியையே தேர்ந்தெடுக்கும். அதனைக் குறை கூறிப் பயனில்லை. நாளை மாற்றுவதே வழி. மருத்துவர் ஓய்வு கூறிய வீட்டிற்குச் சங்கம் சிறு முன்பணம் வழங்குவதும், பாவு முடித்துத் தரும் தவணையை நீட்டித் தருவதும் பேருதவியாகும். விவசாய உறுப்பினர்கள் கருவுற்ற பெண்களைப் பூச்சிமருந்து தெளிக்கும் வயலுக்கு அனுப்பலாகாது.

ஆண் உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். கருவுற்ற செய்தி தெரிந்ததும், 12 வாரங்களுக்குள் கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதிவு செய்யுங்கள். தாய் சேய் நல அட்டையைச் சங்கப் பாஸ் புத்தகத்தோடு பத்திரமாக வையுங்கள். ஒவ்வொரு வருகையிலும் அழுத்தம், ஹீமோகுளோபின், சர்க்கரை ஆகியவற்றின் அளவுகள் அதில் எழுதப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். இல்லையெனில் பணிவுடன் கேட்டுப் பெறுங்கள். ஆபத்து நேர்ந்தால் 108 எண்ணுக்கு உடனே தொலைபேசியில் சொல்லுங்கள். பிள்ளை பிறந்தபின் ஆறு வாரம்வரை அழுத்தம் உயரக்கூடும். கர்ப்பகாலச் சர்க்கரை உடையவர்கள் ஆறாம் வாரத்தில் மீண்டும் சோதித்துக்கொள்ளல் வேண்டும். ஆதலின் தொட்டில் கட்டியவுடன் அந்த அட்டையைப் பரண்மேல் போட்டுவிடாதீர்கள்.

அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தின் பொருள் நிரலில் இதனையும் ஒன்றாகச் சேர்த்து, தங்கள் சங்கத்தின் பட்டுவாடா நாளை ஆராயுமாறு தலைவர்களையும் செயலாளர்களையும் கேட்டுக்கொள்கிறேன்.