உள்ளங்கையிலே உலகம்!

சட்டையிலே குத்திக்கொள்ளுங்கள், சங்கடம் தீர்ந்தது என்றார்கள். செல்பேசியின் காலம் செத்தது, இனி இந்தச் சின்னஞ்சிறு வில்லையே சேவகன் என்றார்கள். கேட்டால் சொல்லும், காட்டினால் காணும், உள்ளங்கையை விரித்தால் எழுத்தாய் மின்னும் என்றார்கள். ஏடுகள் எக்காளமிட்டன. பாரிஸ் அலங்கார மேடையிலே நவோமி கேம்பல் அதை அணிந்து நடந்தார். 'டைம்' ஏடோ, 2023-ஆம் ஆண்டின் சிறந்த கண்டுபிடிப்புகள் பட்டியலிலே இடமே தந்துவிட்டது. வாங்குவோர் கைக்கு அது வந்து சேராத நேரத்திலே! அடுப்பிலே உலை கொதிக்குமுன்பே ஏப்பம் விட்ட விந்தை அது.

ஹியூமேன் என்ற அமெரிக்க நிறுவனத்தின் செயற்கை நுண்ணறிவு வில்லையைத்தான் சொல்கிறோம். ஆப்பிளிலே பணியாற்றி வெளிவந்த இம்ரான் சவுத்ரியும், அவர் துணைவியார் பெத்தனி போங்கியோர்னோவும் தொடங்கியது. திரட்டிய மூலதனம் 23 கோடி டாலர். வில்லை அப்போது 699 டாலர். நம் அன்றைய கணக்கிலே ஏறத்தாழ 58,000 ரூபாய். வாங்கிவிட்டால் போதுமா? போதாது! மாதந்தோறும் 24 டாலர் கப்பமும் கட்டவேண்டியிருந்தது.

சகுனம் பார்ப்பவர்கள் நாமல்லர். ஆனால் அறிமுகப் படத்திலேயே அறிவு அம்பலமாயிற்று. 2024 ஏப்ரலில் வரும் முழுச் சூரிய கிரகணத்தை எங்கே நன்றாகக் காணலாம் என்று கேட்டனர். ஆஸ்திரேலியா, கிழக்குத் திமோர் என்றது! அது தெரிய இருந்ததோ மெக்சிகோவிலும் அமெரிக்காவிலும் கனடாவிலும். மயிலாப்பூர் மாடவீதியிலே பஞ்சாங்கம் விற்பவர்கூட இந்தப் பிழை செய்யமாட்டார்.

அந்த ஏப்ரலிலேதான் வில்லை வந்தது. பதிலுக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது; வந்த பதில் பலமுறை தவறு. சூடேறிற்று. வெயிலிலே உள்ளங்கை எழுத்து மங்கிற்று. மின்னேற்றும் பெட்டி தீப்பிடிக்கக்கூடும், தொடாதீர் என்று ஜூனிலே நிறுவனமே எச்சரித்தது.

தோற்றது குற்றமல்ல. முயன்றவன் தோற்கலாம். நம் சினம் பிறகு நடந்ததன்மேல். 2025 பிப்ரவரி 18 அன்று, சொத்துகளை எச்.பி. நிறுவனத்துக்கு 11.6 கோடி டாலருக்கு விற்பதாக அறிவித்தார்கள். பத்தே நாள் தவணை! 28-ஆம் நாள் வில்லை ஊமையாயிற்று. அதன் மூளை சட்டையிலே இல்லை, எங்கோ இருந்த கணினிகளிலே இருந்தது. அங்கே கதவடைத்ததும் இங்கே உயிர் போயிற்று. கடைசி 90 நாளுக்குள் வாங்கியோருக்குப் பணம் திரும்பிற்று. முதலில் நம்பி முந்தியோடி வாங்கியவருக்கு? மின்கலத்திலே மீதி எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளலாமாம்!

அமெரிக்கன் ஏமாந்தால் நமக்கென்ன என்பீர். சவுந்தரபாண்டியனார் அங்காடிக்கு, மக்கள் வாய்மொழியிலே பாண்டி பஜாருக்கு, துணி துவைக்கும் எந்திரம் வாங்கப் போனோம். எந்திரத்தின் நெற்றியிலே 'ஏஐ' என்று ஒட்டியிருந்தது. விலையும் அதற்கேற்ப ஏறியிருந்தது.

"இது என்ன செய்யும் தம்பி?"

"துணியோட எடையைப் பார்த்து அதுவே தண்ணி எடுத்துக்கும் சார்."

1990-களிலே 'ஃபஸ்ஸி லாஜிக்' என்று விற்றார்களே, அந்த வேலைதான்! பட்டம் மட்டும் புதிது.

"கம்பெனி மூடிவிட்டால் துவைக்குமா?"

விழித்தார் அந்த இளைஞர். குற்றம் அவருடையதா? நாள் முழுதும் நின்றபடி, எழுதிக் கொடுத்ததை ஒப்பிப்பவர். மேனேஜரைக் கேட்டு வருகிறேன் என்று மாடியேறினார். தெருவிளக்கு எரியும்வரை நின்றோம். அவர் இறங்கி வரவில்லை.