விண்ணும் வெயிலும் கைத்திறனும்

சாலை முடியும் இடத்தில் வங்கிச் சேவையும் முடிந்துவிடக் கூடாது என்பது நம் நாடு பல ஆண்டுகளாகப் பின்பற்றி வரும் கொள்கை. மலைச்சரிவிலோ காட்டோரத்திலோ உள்ள ஓர் ஊரில், சிறிய அறை ஒன்றில் மடிக்கணினியும் கைரேகைக் கருவியும் வைத்துக்கொண்டு முதியோருக்கு ஓய்வூதியம் வழங்கும் வங்கித் தொடர்பாளரை வாடிக்கையாளர்கள் பலர் அறிவீர்கள். அவருடைய பணிக்கு இரண்டு தேவைகள் உண்டு. ஒன்று, வங்கியின் மையக் கணினியோடு இடையறாத தொடர்பு. மற்றொன்று, தடைபடாத மின்சாரம். கம்பி வழியாக இவை வந்து சேராத ஊர்களில் முதலாவதைச் செயற்கைக்கோளும் இரண்டாவதைச் சூரியனும் தருகின்றன. ஆயினும், இவ்விரண்டையும் நாள்தோறும் இயங்க வைப்பது உள்ளூரிலேயே இருக்கும் பயிற்சி பெற்ற ஒருவரின் கைத்திறனே. கடன் பெற்றுச் சூரிய மின்தகடு அமைக்க எண்ணும் ஒவ்வொருவரும் இதனை மனத்தில் கொள்ள வேண்டும்.

விண்வழித் தொடர்பு

இப்பாதையில் இந்தியா அடியெடுத்து வைத்து அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. 1975 ஆகஸ்ட் 1 முதல் ஓராண்டுக் காலம், அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோள் வழியாக, ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்குக் கல்வி, வேளாண்மை, சுகாதாரம் பற்றிய தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் கொண்டு செல்லப்பட்டன. இஸ்ரோ முன்னின்று நடத்திய அம்முயற்சிக்குப் பின்னர், இன்சாட் வரிசை நமக்கே உரிய தகவல் தொடர்புச் செயற்கைக்கோள்களைத் தந்தது. வங்கித் துறைக்கென 1999-இல் தொடங்கப்பட்ட இன்ஃபிநெட் வலையமைப்பும் முதலில் வி-சாட் எனப்படும் சிறு ஆன்டெனாக்களைக் கொண்டே அமைந்தது.

வி-சாட் இயங்கும் முறை எளிது. நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள செயற்கைக்கோள், பூமி சுழலும் வேகத்திலேயே சுற்றி வருவதால், வானில் ஒரே இடத்தில் நிற்பது போலத் தோன்றும். எனவே கூரையில் உள்ள கிண்ண வடிவ ஆன்டெனாவை ஒருமுறை சரியான திசையில் பொருத்தினால் போதும். நாம் கேட்கும் இருப்புத்தொகை விவரம் மேலே சென்று, மைய நிலையத்துக்கு இறங்கி, மீண்டும் மேலே ஏறி, நம்மிடம் திரும்புகிறது. இந்த நான்கு பயணங்களின் தொலைவு 1,44,000 கிலோமீட்டர். ஒளியின் வேகத்தில் சென்றாலும் அதற்கு அரை விநாடி ஆகும். இந்தச் சிறு தாமதத்தைப் பழுது என்று கருத வேண்டியதில்லை.

ஆனால் ஆன்டெனா சில டிகிரி திரும்பினாலும் தொடர்பு அறுந்துவிடும். அதற்குப் பலத்த காற்று போதும். குரங்கு ஒன்று தாவினாலும் போதும். பெருமழையில் அலைகள் வலுவிழக்கும். மார்ச் மாதத்திலும் செப்டம்பர், அக்டோபரிலும் சில நாள்களில் சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வருவதால் சில நிமிடங்கள் தடை ஏற்படும். இவற்றுள் எது தானாகச் சரியாகும், எதற்கு ஏணி வைத்து ஏற வேண்டும் என்று பிரித்தறியத் தெரிந்தவர் ஊரில் இருந்தால், ஓய்வூதியத்துக்காகக் காத்திருக்கும் மூதாட்டி அன்றே பணம் பெற்றுச் செல்வார். இல்லையேல், நகரத்திலிருந்து ஆள் வரும்வரை அவர் வந்து வந்து திரும்ப வேண்டியதுதான்.

வெயிலே மின்சாரம்

தொடர்பு இருந்தும் மின்சாரம் இல்லையெனில் பயனில்லை. இதனை உணர்ந்தே, ஊரகப் பகுதிகளில் உள்ள வங்கிச் சேவை மையங்களுக்குச் சூரிய மின்சாரத்தால் இயங்கும் வி-சாட் அமைக்க நபார்டு வங்கி நிதியுதவித் திட்டம் ஒன்றை வகுத்தது.

வீடுகளுக்கும் இதே வெயில்தான் மூலதனம். ஒரு கிலோவாட் திறன் கொண்ட மின்தகடுகளுக்கு நிழல் விழாத இடம் ஏறத்தாழ 10 சதுர மீட்டர் தேவை. நம் நாட்டின் பெரும்பகுதியில் அவை சராசரியாக நாளொன்றுக்கு 4 யூனிட் மின்சாரம் தரும். 2024 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட பிரதமரின் சூரிய வீடு இலவச மின்சாரத் திட்டம், ஒரு கோடி வீடுகளை இலக்காகக் கொண்டது. இதில் 2 கிலோவாட் வரை கிலோவாட் ஒன்றுக்கு ரூ.30,000, மூன்றாவது கிலோவாட்டுக்கு ரூ.18,000 என, அதிகபட்சம் ரூ.78,000 மானியம் கிடைக்கிறது. எஞ்சிய தொகைக்கு வங்கிகள் கடன் வழங்குகின்றன.

சூரிய மின்சாரத்துக்குக் கடன் வழங்குவது வங்கிகளுக்குப் புதிதன்று. 2003-இல் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் துணையுடன், கனரா வங்கியும் சிண்டிகேட் வங்கியும் கர்நாடகத்தில் வட்டிச் சலுகையுடன் வீட்டுச் சூரிய விளக்குக் கடன்களை வழங்கின. அதே மாநிலத்தில் 1995-இல் ஹரீஷ் ஹாண்டே தொடங்கிய செல்கோ நிறுவனம், விற்பனையோடு நில்லாமல், வாடிக்கையாளருக்கு அருகிலேயே பழுதுபார்க்கும் மையங்களை நடத்தியது. வங்கிக் கடனும் அருகில் சேவையும் சேர்ந்தபோதுதான் எளிய குடும்பங்களின் வீட்டு விளக்கு தொடர்ந்து எரிந்தது. ஹாண்டே 2011-இல் மகசேசே விருது பெற்றார்.

இங்கே கணக்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். மின்தகட்டின் ஆயுள் சுமார் 25 ஆண்டுகள். ஆனால் இன்வெர்ட்டரும் பேட்டரியும் அதற்கு வெகு முன்னரே மாற்ற வேண்டியவை. தூசி படிந்த தகடு, தளர்ந்த இணைப்பு, நீர் வற்றிய பேட்டரி ஆகிய சிறு குறைகளே பெரும்பாலும் முதலில் தோன்றுகின்றன. அவற்றைக் கவனிக்க ஆளின்றி இரண்டாம் ஆண்டிலேயே அமைப்பு நின்றுவிட்டால், கடன் தவணை நிற்பதில்லை. வாடிக்கையாளர் தவணையும் செலுத்தி, மின்கட்டணமும் செலுத்த நேரிடும்.

கற்ற கைகள்

இக்குறையைப் போக்கும் வழியை இராசசுத்தானின் அஜ்மீர் மாவட்டத்திலுள்ள திலோனியா காட்டியது. 1972-இல் பங்கர் ராய் நிறுவிய வெறுங்கால் கல்லூரி, எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்துப் பெண்களுக்கும் பாட்டிமார்களுக்கும் ஆறு மாதங்களில் சூரிய மின்னமைப்புப் பணியைக் கற்பிக்கிறது. பாடப்புத்தகத்துக்குப் பதிலாக வண்ணக் குறியீடுகளும் செய்முறையுமே அங்கே ஆசிரியர். ஊரைவிட்டுப் போகாதவர் பழுது நீக்கக் கற்றால், அக்கலை ஊரிலேயே தங்கும் என்பதே அதன் அடிப்படை. இந்திய அரசின் உதவியுடன் ஆப்பிரிக்க நாடுகளின் பெண்களும் அங்கே வந்து பயின்றுள்ளனர்.

அரசு சார்பில் 2015-இல் தொடங்கிய 'சூர்யமித்ரா' திட்டம், குருகிராம் அருகிலுள்ள தேசிய சூரிய ஆற்றல் நிறுவனத்தின் வழியாக, 600 மணி நேரப் பயிற்சியை அளித்து வந்துள்ளது. வங்கிகளுக்கும் இதில் பங்குண்டு. 1982-இல் கர்நாடகத்தின் உஜிரேயில், தர்மஸ்தலா அறக்கட்டளையும் சிண்டிகேட், கனரா வங்கிகளும் இணைந்து ஊரக இளைஞர்களுக்கான சுயதொழில் பயிற்சி நிறுவனத்தைத் தொடங்கின. அதனை முன்மாதிரியாகக் கொண்டே இன்று மாவட்டந்தோறும் வங்கிகளின் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனங்கள் இயங்குகின்றன. பயிற்சி, தங்குமிடம், உணவு அனைத்தும் இலவசம். முடித்தவர்கள் தொழில் தொடங்கக் கடன் பெறவும் வழிகாட்டப்படுகின்றனர்.

கையொப்பமிடும் முன்

சூரிய மின்தகட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்கும் வாடிக்கையாளர்கள் விலையோடு பின்வருவனவற்றையும் கேட்டறிவது நலம்:

1. பராமரிப்புப் பொறுப்பு எத்தனை ஆண்டுகளுக்கு, எழுத்து வடிவில் உள்ளதா? மேற்கண்ட மானியத் திட்டத்தில் ஐந்தாண்டுப் பராமரிப்பு விற்பனையாளரின் கடமை.
2. பழுது ஏற்பட்டால் எங்கிருந்து ஆள் வருவார், எத்தனை நாளில் வருவார்?
3. தகடு, இன்வெர்ட்டர், பேட்டரி ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே உத்தரவாதக் காலம் எவ்வளவு?
4. கடன் காலத்துக்குள் மாற்ற நேரும் உறுப்பு எது? அதற்காக மாதந்தோறும் எவ்வளவு சேமிக்க வேண்டும்?
5. நம் ஊரில் இப்பணி கற்றவர் யார்?

ஐந்தாவது கேள்விக்கு விடை கிடைக்கவில்லை எனில், வீட்டிலோ தெருவிலோ வேலை தேடிக்கொண்டிருக்கும் இளைஞர் ஒருவரையோ இளம்பெண் ஒருவரையோ நினைத்துப் பாருங்கள். அருகிலுள்ள பயிற்சி நிறுவனத்தின் முகவரியை நம் கிளை மேலாளரிடம் கேட்டுப் பெறலாம். அவர் கற்றுத் திரும்பினால், உங்கள் கூரையின் தகட்டோடு பக்கத்து ஊர் வங்கித் தொடர்பாளரின் ஆன்டெனாவைப் பேணவும் ஆள் கிடைப்பார். அவருக்கும் உள்ளூரிலேயே ஒரு பிழைப்பு அமையும்.