பனித்தடம் இல்லாத நாட்டிலிருந்து ஆறு ஒலிம்பிக்

நம் நாட்டு நெடுஞ்சாலைகளில் அதிகபட்ச வேகம் மணிக்கு 110 கிலோமீட்டர். அதையும் தாண்டி 134 கிலோமீட்டர் வேகத்தில், பிரேக்கே இல்லாத சின்னஞ்சிறு வண்டியில் மல்லாந்து படுத்தபடி பனிக்கட்டிப் பாதையில் ஒருவர் பாய்ந்து வருவதைக் கற்பனை செய்து பாருங்கள். அந்த விளையாட்டின் பெயர் லூஜ். அந்த வேகத்தைத் தொட்டவர் ஷிவ கேசவன், இந்தியர்.

அப்பா கேரளாவின் தலச்சேரியைச் சேர்ந்தவர். அம்மா இத்தாலியர். இமயமலை அடிவாரத்தில் மணாலிக்குப் பக்கத்திலுள்ள வசிஷ்ட் கிராமத்தில் குடும்பம் உணவகம் நடத்தியது. 1981-இல் பிறந்த ஷிவா, பனியோடு விளையாடியே வளர்ந்தார்.

பள்ளி மாணவனாக இருந்தபோது, ஆஸ்திரியாவின் முன்னாள் லூஜ் வீரர் குந்தர் லெம்மரர் நடத்திய பயிற்சி முகாமில் கலந்துகொண்டார். முகாமில் பனித்தடம் ஏது? சறுக்கு வண்டிக்குச் சக்கரம் மாட்டிச் சாலையில் ஓடவிட்டார்கள். அங்கு தொடங்கிய பயணம், 1998-இல் ஜப்பானின் நகானோ குளிர்கால ஒலிம்பிக்கில் அவரைக் கொண்டுபோய் நிறுத்தியது. அப்போது அவருக்கு வயது 16 மட்டுமே. அந்த ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஒரே வீரரும் அவர்தான்.

அந்தப் போட்டியில் தங்கம் வென்றவர் ஜெர்மனியின் கியோர்க் ஹாக்ல். அது அவருக்குத் தொடர்ந்து மூன்றாவது ஒலிம்பிக் தங்கம். ஷிவாவுக்கு 28-ஆவது இடம்.

சாலையே பயிற்சிக்கூடம்

ஜெர்மனியில் மட்டும் நான்கு செயற்கைப் பனித்தடங்கள் உள்ளன. இந்தியாவில் ஒன்றுகூட இல்லை. லூஜ் போட்டியில் நேரத்தை ஒரு வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை கணக்கிடுவார்கள். கெண்டைக்காலை லேசாக அழுத்தினால் வண்டி திரும்பும், தோளைச் சற்று அசைத்தால் போக்கு மாறும். ஒரு வளைவில் செய்யும் சிறு பிழை, கடைசி வளைவு வரை கூடவே வரும். ஒரே தடத்தில் நூறு முறை, இருநூறு முறை இறங்கிப் பழகியவருக்கும், போட்டிக்குச் சில நாள் முன்பு வந்து சேர்பவருக்கும் உள்ள இடைவெளியை வெறும் துணிச்சலால் நிரப்ப முடியாது.

ஷிவா என்ன செய்தார்? சக்கரம் பூட்டிய வண்டியில் இமயமலைச் சாலைகளில் இறங்கினார். கெந்திங் மலையிலிருந்து இறங்கும் சாலையை நினைத்துக்கொள்ளுங்கள். அப்படியொரு வளைவுப் பாதையில், எதிரே வரும் லாரிகளுக்கும் ஆட்டு மந்தைகளுக்கும் ஊடே தரையோடு தரையாக அவர் வளைந்து போகும் காணொளிகள் உலகம் முழுவதும் பரவின. நமக்கு அவை சாகசமாகத் தெரிந்தன. அவருக்கோ வேறு வழியில்லை.

பணமும் இல்லை. தொடக்க ஆண்டுகளில் இரவல் வண்டிகளில் போட்டியிட்டார். பின்னாளில் பொதுமக்களிடம் நிதி திரட்டினார். இத்தாலி அணியில் சேர அழைப்பும் வந்தது. தாய்வழி நாடு, நல்ல தடங்கள், பயிற்சியாளர்கள், உபகரணங்கள் எல்லாமே கிடைத்திருக்கும். ஆனாலும் இந்தியாவுக்காகவே ஓடுவேன் என்று மறுத்துவிட்டார். 2006-இல் அதே இத்தாலியின் டுரின் நகரில் நடந்த ஒலிம்பிக்கில் இந்தியக் கொடியோடு போட்டியிட்டு 25-ஆவது இடம் பிடித்தார். ஒலிம்பிக்கில் அவர் எட்டிய மிகச் சிறந்த இடம் அதுவே.

கொடி இல்லாத அணிவகுப்பு

நகானோ தடம் அவரைக் கைவிடவில்லை. 2011-இல் அங்கே நடந்த ஆசிய வெற்றியாளர் போட்டியில் தங்கம் வென்றார். அடுத்த ஆண்டும் தங்கம். பிறகு 2016, 2017 என மொத்தம் நான்கு முறை ஆசிய வெற்றியாளரானார்.

ஆனால், ஆசிய வெற்றியாளராகச் சென்றவருக்கு 2014-இல் ரஷ்யாவின் சோச்சியில் காத்திருந்தது வேறொன்று. நிர்வாகிகள் தேர்தல் சர்ச்சையால் இந்திய ஒலிம்பிக் சங்கம் இடைநீக்கம் செய்யப்பட்டிருந்தது. பிப்ரவரி 7-இல் நடந்த தொடக்க விழாவில் இந்திய வீரர்கள் மூவரும் ஒலிம்பிக் கொடியின் கீழ் நடந்தார்கள். ஷிவாவின் போட்டி 9-ஆம் தேதி முடிந்தது. தடை 11-ஆம் தேதி நீங்கியது. இரண்டே நாள் வித்தியாசம்! இத்தாலியின் அழைப்பை மறுத்தவருக்கு, அந்த முறை சொந்தக் கொடி கிடைக்கவில்லை.

அதே சோச்சியில் ஒரு பயிற்சி ஓட்டத்தின்போது வண்டியிலிருந்து அவர் தவறி விழுந்தார். அந்த வேகத்தில் விழுந்தால் பெரும்பாலும் ஓட்டம் அதோடு முடிந்துவிடும். இவரோ சறுக்கிக்கொண்டே வண்டியை விடாமல் பிடித்து, மறுபடி ஏறிப் படுத்து ஓட்டத்தைத் தொடர்ந்தார்.

கடைசி ஓட்டம்

2018-இல் தென்கொரியாவின் பியோங்சாங்கில் தன் ஆறாவது ஒலிம்பிக்கை 34-ஆவது இடத்தோடு முடித்து ஓய்வுபெற்றார், 36 வயதில். 2020-இல் இந்திய அரசு அவருக்கு அர்ஜுனா விருது அறிவித்தது. இப்போது இளம் லூஜ் வீரர்களைத் தேடிப் பயிற்சி தரும் பணியில் ஈடுபட்டிருக்கிறார்.

ஆறு ஒலிம்பிக், ஒரு பதக்கமும் இல்லை. பட்டியலை மட்டும் பார்ப்பவருக்கு இது தோல்விக் கதையாகத் தெரியலாம். ஆனால் 28, 33, 25, 29, 37, 34 என்ற அந்த எண்களை வேறு விதமாகவும் படிக்கலாம். இருபது ஆண்டுகளில் ஒரு குளிர்கால ஒலிம்பிக்கைக்கூட அவர் தவறவிடவில்லை.

நமக்கு நெருக்கமான செய்தி ஒன்றும் உண்டு. அவர் விடைபெற்ற அதே பியோங்சாங்கில்தான் மலேசியாவும் சிங்கப்பூரும் முதன்முறையாகக் குளிர்கால ஒலிம்பிக்கில் கால் பதித்தன. பனியே பெய்யாத நம் மண்ணிலிருந்து பனிச்சறுக்கு நடன வீரர் ஜூலியன் யீயும், மலைச்சரிவுப் பனிச்சறுக்கு வீரர் ஜெஃப்ரி வெப்பும் போனார்கள். சிங்கப்பூருக்கு ஷயேன் கோ.

உங்கள் பிள்ளை நாளை வந்து, இந்த ஊரில் யாருமே ஆடாத ஒரு விளையாட்டின் பெயரைச் சொல்லலாம். "அதற்கெல்லாம் இங்கே வசதி எங்கே?" என்ற கேள்விதான் முதலில் வாயில் வரும். நியாயமான கேள்விதான். மணாலியிலும் வசதி இருக்கவில்லை, சாலைதான் இருந்தது.