போட்டோஷாப் புது வெர்ஷன் – காசு கொடுத்து மாத்தணுமா?

‘புது வெர்ஷன் வந்தாச்சு, பழசு வேஸ்ட்!’ என்று கம்ப்யூட்டர் லேபில் அடிக்கடி சத்தம் கேட்கிறது. உண்மைதானா என்று பார்ப்போமா நண்பர்களே?

தாமஸ் நோல், ஜான் நோல் என்ற அண்ணன் தம்பி உருவாக்கிய போட்டோஷாப் 1990-இல் வெளிவந்தது. 1994-இல் வந்த 3.0-வில்தான் ‘லேயர்’ வசதி வந்தது. அதற்கு முன்னாடி ஒரு படத்து மேல இன்னொன்றை ஒட்டினால் ஒட்டினதுதான், அப்புறம் தனியாக நகர்த்த முடியாது. 2002-இல் 7.0-வில் ஹீலிங் பிரஷ் வந்தது. முகப்பரு, பழைய போட்டோவில் விழுந்த கீறல் எல்லாம் ஒரு இழுப்பில் போச்சு! இந்த இரண்டுக்கும் காசு கொடுத்தவர்கள் ஏமாறவில்லை என்பேன். எல்லா வெர்ஷனும் அப்படி இல்லை.

எங்க சித்தப்பா ஸ்டூடியோவில் இருப்பது சி.எஸ்.6. தினமும் வருகிற வேலை பாஸ்போர்ட் சைஸ், அதாவது 35-க்கு 45 மில்லிமீட்டர். 300 டி.பி.ஐ.-யில் பிரிண்ட் போட்டால் அகலம் 413 புள்ளி, உயரம் 531 புள்ளி, அவ்வளவுதான். பின்னணியை வெள்ளையாக்கி, வெளிச்சம் கூட்டி, எட்டு காப்பி அடுக்க பழசே போதும்.

2012-இல் வந்த இந்த சி.எஸ்.6-தான் மொத்தமாக விலைக்கு விற்ற கடைசி போட்டோஷாப். அப்போது அமெரிக்காவில் அப்கிரேடு விலை 199 டாலர். 2013-இல் இருந்து புது வெர்ஷன் எல்லாம் வாடகைக்குத்தான். கட்டுவதை நிறுத்தினால் சாஃப்ட்வேரும் நின்றுவிடும். கல்யாணமே இல்லாத ஆடியிலும் மார்கழியிலும் கூட கட்டணும்!

சித்தப்பா புது கேமரா வாங்கினபோதுதான் நிஜமான சிக்கல் வந்தது. கேமராவுக்குக் கேமரா ‘ரா’ ஃபைல் வேற மாதிரி இருக்கும். சாஃப்ட்வேருக்கு அந்த மாடல் தெரிஞ்சிருக்கணும். சி.எஸ்.6-க்குப் புது கேமராக்களைச் சேர்ப்பது 2015-ஓடு நின்றுபோச்சு. அதனால் ஜேபெக் திறக்கும், ரா திறக்காது. இதுக்காகவே மாத வாடகை கட்ட அவர் தயாராகிவிட்டார். ஆனால் அடோபி கம்பெனியே டி.என்.ஜி. கன்வர்ட்டர் என்று ஒன்றை இலவசமாகத் தருகிறது. ரா ஃபைலை டி.என்.ஜி. ஆக மாற்றிக் கொடுத்தால் பழைய போட்டோஷாப் சமத்தாகத் திறக்கும். ஆயிரம் கல்யாணப் படம் என்றால் மட்டும் ராத்திரி ஓடவிட்டுத் தூங்கப் போகணும்.

எழுதிக் கேட்டால் படத்தில் இல்லாததையும் வரைந்து தரும் வசதி 2023-இல் வந்தது. அந்தக் கணக்கு நடப்பது கம்பெனியின் கம்ப்யூட்டரில், அதனால் பழசில் கிடைக்காது. தினமும் அந்த வேலை செய்கிறவர்களுக்கு வாடகை நியாயம்தான். (திருட்டு வெர்ஷன் போடலாமே என்று கேட்கும் புத்திசாலிகளே, கூடவே வைரஸ் வந்தால் யாரைப் போய்க் கேட்பீங்க?)

நம்ம லேபுக்கு இலவச ‘ஜிம்ப்’ போதும் என்பது என் கட்சி. 2025-இல் வந்த 3.0-வில், போட்ட ஃபில்டரைப் பிறகும் திருத்தலாம். ஒரே குறை, அச்சகத்துக்கு வேண்டிய சி.எம்.ஒய்.கே. நிறத்தில் அதில் நேரடியாக வேலை செய்ய முடியாது. ஆண்டு மலர் அட்டையை மட்டும் அச்சகத்து அண்ணன்கிட்டயே மாத்திக்கலாம்.